குறைந்த பெறுபேறு வந்துவிட்டதா? திருகோணமலைப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

உப்புவெளியில் கணிதம் படிப்பிக்கிறேன். பகலில் பாடசாலை, பின்னேரம் வீட்டு விறாந்தை. ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரம்), ஏ.எல். (க.பொ.த. உயர்தரம்) பெறுபேறு வந்த மறுநாளிலிருந்து இரண்டு கிழமைக்கு என் வாசலில் செருப்புகள் கூடிவிடும். பிள்ளை தனியே வரும், அம்மாவோடு வரும், சில நேரம் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு அம்மா மட்டும் வருவார். வருடம் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். பின்னால் வரும் பல பதில்கள் 3ஆம் கேள்வியை நம்பி நிற்கின்றன, ஆகவே அதை மட்டும் தாண்டிப் போகவேண்டாம்.

1. டீச்சர், எஸ் எண்டா பாஸா பெயிலா? டபிள்யூ எண்டா என்ன?

எஸ் என்பது சித்திதான். 75உம் அதற்கு மேலும் ஏ, 65 முதல் 74 வரை பி, 50 முதல் 64 வரை சி, 35 முதல் 49 வரை எஸ். ஓ.எல்.லில் 35க்குக் கீழே வந்தால் டபிள்யூ, ஏ.எல்.லில் அதே இடத்தில் எஃப்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 34 எடுத்த பிள்ளைக்கும் டபிள்யூ, 5 எடுத்த பிள்ளைக்கும் டபிள்யூ. இரண்டு பேரின் நிலையும் ஒன்றல்ல, செய்யவேண்டிய வேலையும் ஒன்றல்ல. எழுத்தைப் பார்த்துவிட்டு "எனக்குக் கணிதம் ஓடாது" என்று சொல்லும் பிள்ளைகளில் பாதிப் பேராவது 25க்கும் 34க்கும் இடையில் நிற்பவர்கள் என்பது என் அனுபவம்.

2. கணிதத்தில டபிள்யூ வந்திட்டுது. இனி ஏ.எல். படிக்கவே ஏலாதா?

ஏலும். ஏ.எல். படிக்கப் பொதுவாகக் கேட்பது ஆறு பாடங்களில் சித்தி. அதில் தாய்மொழியும் கணிதமும் இருக்கவேண்டும், மூன்று பாடமாவது சி தரத்தில் இருக்கவேண்டும். கணிதம் மட்டும் விழுந்திருந்தால் அடுத்த ஓ.எல்.லில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதலாம். மற்றப் பாடங்களை மறுபடி எழுதவேண்டியதில்லை.

கணிதம் இல்லாமலே இப்போது எந்த வகுப்பில் சேரலாம் என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள். சுற்றறிக்கை மாறும், போன வருடம் ஒருவருக்கு நடந்தது இந்த வருடம் நடக்காமல் போகலாம். அதிபரிடம் கேளுங்கள், அவருக்கும் நிச்சயமில்லை என்றால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். எங்கள் மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று ஐந்து வலயங்கள் இருக்கின்றன. அங்கே போனால் 13 வருட உத்தரவாதக் கல்வி பற்றியும் கேளுங்கள். 2017இல் தொடங்கிய அந்தத் தொழிற்பிரிவுக்கு ஓ.எல். பெறுபேற்றைப் பார்ப்பதில்லை. எல்லாப் பாடசாலையிலும் அது இல்லை, உங்களுக்குக் கிட்ட எங்கே இருக்கிறது என்பதை வலயத்தில் சொல்வார்கள்.

3. எத்தினை புள்ளி எண்டும் தெரியாது, விடைத்தாளும் கையில தரமாட்டினம். எங்க பிழைச்சது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெறுபேற்றில் எழுத்து மட்டும்தான் வரும், காரணம் வராது. காரணத்தை நீங்களே தேடி எடுக்கவேண்டும். அதற்கு இரண்டு நாள் போதும். பரீட்சையில் எழுதிய அதே வினாத்தாளை எடுங்கள். மணிக்கூட்டை முன்னால் வைத்து, புத்தகம் பாராமல், முதலாம் பத்திரத்தை ஒரு நாள் இரண்டு மணித்தியாலத்திலும், இரண்டாம் பத்திரத்தை மறுநாள் மூன்று மணித்தியாலத்திலும் செய்யுங்கள். பிறகு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை வைத்துச் சிவப்புப் பேனையால் திருத்துங்கள். புள்ளித்திட்டத்தில் ஒவ்வொரு படிக்கும் எத்தனை புள்ளி என்று போட்டிருக்கும். தவறிய ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்துப் போடுங்கள். தெரியாமல் விட்டது "தெ", தெரிந்தும் கவனமில்லாமல் தவறியது "க", நேரம் காணாமல் விட்டது "நே".

இங்கே பக்கத்தில் ஒரு பிள்ளை, அப்பா கடலுக்குப் போகிறவர். கணிதத்தில் மட்டும் டபிள்யூ. என் விறாந்தையில் இருந்து இதே மாதிரிச் செய்தாள். முதலாம் பத்திரத்தில் 36, இரண்டாம் பத்திரத்தில் 26. கூட்டி இரண்டால் பிரித்தால் 31. சித்திக்கு இன்னும் நாலு குறைவு. அதாவது இரண்டு பத்திரத்திலும் சேர்த்து 8 புள்ளி. முதலாம் பத்திரம் ஏ பகுதியில் ஒரு வினாவுக்கு 2 புள்ளி, ஆகவே நாலு சின்ன வினாக்கள். அதைக் கணக்குப் போட்டுக் காட்டியதும் நிமிர்ந்து இருந்தாள். அதுவரைக்கும் குனிந்த தலை.

பிறகு பிழைகளைப் பார்த்தோம். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்தால் உள்ளே இரண்டாவது எண்ணின் அடையாளத்தை மாற்றமாட்டாள். 10 − (4 − 1) என்பதை 10 − 4 − 1 என்று எழுதுவாள், 7 வரவேண்டிய இடத்தில் 5 வரும். இந்த ஒரே பிழை சமன்பாட்டில் வந்தது, வரைபுக்கான அட்டவணையில் வந்தது, எல்லாமாக ஐந்து இடங்களில். அமைப்பு வினாவை (கவராயத்தால் உருவம் வரைவது) வெறுமையாக விட்டிருந்தாள், அதற்கு 10 புள்ளி. ஏன் என்று கேட்டேன். கவராயத்தைக் கையில் தந்தாள். திருகு தளர்ந்து, வட்டம் தொடங்கின இடத்தில் போய்ச் சேரவில்லை. தரம் 10இலிருந்து அந்தக் கவராயம்தான். வட்டம் பிசகும் என்பதால் அமைப்பு வினாவையே தொடாமல் பழகிவிட்டாள். புதுக் கவராயம் வாங்கி, அடைப்புக்குறியை மட்டும் மூன்று நாள் செய்து, அடுத்த ஓ.எல்.லில் சி எடுத்தாள்.

எல்லாருக்கும் இப்படி இரண்டே காரணத்தில் முடியாது. ஆனால் எழுத்துப் போட்டுப் பார்க்காமல் ஒருத்தருக்கும் காரணம் தெரியவராது. மற்றப் பாடங்களுக்கும் இதே வழிதான். பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக மதிப்பீட்டு அறிக்கைகள் வெளியிடுகிறது. எந்த வினாவில் பரீட்சார்த்திகள் எப்படித் தவறினார்கள் என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் ஆசிரியரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

4. ரீகரெக்ஷன் போட்டா கூடுமா?

கூடலாம், பெரும்பாலும் கூடாது. 3ஆம் கேள்வியில் சொன்னபடி செய்து பார்த்தபின் முடிவெடுங்கள். நீங்களே கண்டிப்பாகத் திருத்தியும் 60 வருகிறது, பெறுபேற்றில் டபிள்யூ என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். ஒரு எல்லைக்குக் கிட்ட நிற்பவர்களும் போடலாம். 20 வருகிறவர் அந்தக் காசைப் பயிற்சிக் கொப்பிக்குச் செலவழிப்பது நல்லது.

பாடசாலைப் பரீட்சார்த்தி அதிபர் ஊடாக, தனிப்பட்டவர் தானாக விண்ணப்பிக்கவேண்டும். இறுதித் திகதி தாண்டினால் வழியில்லை. அப்புறம் இன்னொன்று. மீள்திருத்தம் வரட்டும் என்று புத்தகத்தை மூடி வைக்காதீர்கள். காத்திருந்து வீணாகிற அந்த மாதங்கள் திரும்பிவராது.

5. வாப்பாட்ட எப்பிடிச் சொல்றது? கேட்டா வீட்டையே ரெண்டாக்கிப் போடுவார்.

கிண்ணியாவிலிருந்து வந்த தம்பி ஒருவர் கேட்டது. அப்பாவுக்குப் பயந்து எத்தனையோ பிள்ளைகள் இதையே கேட்டிருக்கிறார்கள். முதலில், அன்றைக்கே சொல்லுங்கள். சுட்டெண்ணைப் போட்டால் எவரும் போனில் பார்க்கலாம். வாப்பா கடைத்தெருவில் இன்னொருவர் வாயால் கேட்பதைவிட வீட்டில் உங்கள் வாயால் கேட்பது அவருக்கு மரியாதை.

முதலில் உம்மாவிடமோ பெரியப்பா, மாமி யாரிடமோ சொல்லி, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம். அதில் ஒரு குறையுமில்லை. சொல்லும்போது பேப்பர் கடினம், சேர் சரியில்லை என்று தொடங்கவேண்டாம். "இது வந்திருக்கு வாப்பா, இரண்டு நாளில் எங்கே பிழைத்தது என்று பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மூன்றாம் நாள், 3ஆம் கேள்வியில் சொன்ன அந்தச் சிவப்புப் பேனைத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்தத் தம்பி அப்படித்தான் செய்தார். வாப்பா முதல் நாள் கத்தினாராம், மூன்றாம் நாள் தாளை வாங்கி வடிவாகப் பார்த்தாராம்.

சொந்தக்காரர் கேட்டால் "திரும்ப எழுதுறன்" என்ற இரண்டு சொல் போதும். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை பிள்ளைக்கு இல்லை. பெற்றோரும் பிள்ளைக்கு முன்னால் நின்று அந்தக் கேள்விகளைத் தாங்கள் வாங்கிக்கொள்ளவேண்டும்.

6. பிள்ளை அறைக்குள்ளயே கிடக்கிறாள். சாப்பாடும் இல்லை, ஒருத்தரோடும் கதையும் இல்லை. என்ன செய்ய?

இரண்டு நாள் அழுது கிடப்பது இயல்பு, அழ விடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஒன்பது ஏயைப் பற்றி அந்த வீட்டில் ஒரு சொல்லும் வரக்கூடாது. சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், வராவிட்டால் கோப்பையில் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருங்கள். படிப்புப் பற்றிய கதையை நீங்கள் எடுக்கவேண்டாம்.

கிழமைக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் இல்லை, "நான் இருந்து என்ன பயன்" மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் ஒரு நாளும் பொறுக்கவேண்டாம். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர் உதவி இலக்கம் 1929. திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு நேரே கூட்டிக்கொண்டும் போகலாம். ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துத் தாமதித்த பெற்றோரைக் கண்டிருக்கிறேன். அந்த யோசனையை விட்டுவிடுங்கள். பரீட்சை எப்போதும் திரும்ப வரும்.

7. அஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசில்ல வெட்டுப்புள்ளி வரேல்ல. மகன்ட படிப்பு இனி அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. பெயரெடுத்த பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யவும், உதவித்தொகை கொடுக்கவும் நடக்கிற பரீட்சை அது. பத்து வயதுப் பிள்ளைக்கு அதில் பாஸ், பெயில் என்று ஒன்றும் இல்லை. வாசிப்பும் வாய்ப்பாடும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், மிச்ச நேரம் விளையாட விடுங்கள்.

8. எவ்வளவு படிச்சும் மண்டையில நிக்குதில்ல டீச்சர். ராவு ராவா வாசிக்கிறன்.

வாசிப்பதால்தான் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வாசித்தால் எழுத்துப் பழகிவிடும், பழகியது தெரிந்தது மாதிரி இருக்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஒரு கிழமைக்குப் பிறகு ஏறத்தாழ 40 வீதம்தான் நினைவில் வைத்திருந்தார்கள். ஒருதரம் வாசித்துவிட்டு, பிறகு பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 61 வீதம்.

ஆகவே ஒரு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெறும் தாளில் நினைவில் வருவதை எழுதுங்கள். எழுத வராத இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம். திறந்து பார்த்து, வேறு நிறப் பேனையால் சேருங்கள். நாளைக்கு ஒருதரம், மூன்றாம் நாள் ஒருதரம், அடுத்த கிழமை ஒருதரம், ஒவ்வொரு தடவையும் பாராமல். களைப்பாக இருக்கும். அந்தக் களைப்பு வரவேண்டும்.

ராவு ராவாக இருப்பதையும் விடுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் இங்கே பகல் வெக்கையில் ஒன்றும் ஏறாது, அது உண்மை. அதற்கு மாற்று விடியற்காலை. பத்து மணிக்குப் படுத்து நாலரைக்கு எழும்பினால் தலை தெளிவாக இருக்கும்.

9. இன்னொரு ரியூசனுக்கும் சேர்த்துவிடட்டா?

ரியூசன் கொடுக்கிற நானே சொல்கிறேன், அவசரப்பட வேண்டாம். மூன்று வகுப்புக்கு ஓடுகிற பிள்ளை மூன்று பேர் கணக்குச் செய்வதைப் பார்க்கிறது. தான் செய்ய நேரம் இருப்பதில்லை. கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு வந்து போகும் பிள்ளைக்குப் பஸ்ஸுக்குக் காத்திருப்பதோடு சேர்த்து ஒரு வகுப்புக்கு அரை நாள் போய்விடும்.

3ஆம் கேள்வியில் போட்ட எழுத்துகளைப் பாருங்கள். "தெ" ஒரே அலகில் குவிந்திருந்தால் அந்த அலகை மட்டும் யாராவது சொல்லிக்கொடுக்கவேண்டும். அதைப் பாடசாலை ஆசிரியரிடமே இடைவேளையில் கேட்கலாம். கேட்டு வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற ஆசிரியர் குறைவு. பாடநூல்களை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் இருக்கின்றன. "க"வும் "நே"யும்தான் அதிகம் என்றால் எந்த ரியூசனும் அதைத் தீர்க்காது. வீட்டில் மேசையும் மணிக்கூடும்தான் தீர்க்கும்.

10. எல்லாம் தெரியும், ஆனா பேப்பர் முடிக்க நேரம் காணேல்ல.

ஓ.எல். கணிதம் இரண்டாம் பத்திரத்தில் செய்யவேண்டியது 10 வினா, 180 நிமிடம். ஒரு வினாவுக்கு 16 நிமிடம் என்று வையுங்கள், கடைசியில் 20 நிமிடம் மிஞ்சும். முதலாம் பத்திரத்தில் ஏ பகுதியின் 25 வினாவுக்கு 50 நிமிடம், பி பகுதியின் ஐந்துக்கும் 60 நிமிடம், மிச்சம் சரிபார்க்க. 16 நிமிடம் முடிந்ததும் விடை வராவிட்டாலும் இடம் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகவேண்டும். கேட்க இலகு, கை கேட்காது. வீட்டில் ஆறு ஏழு பேப்பர் அப்படிச் செய்தபிறகுதான் கை கேட்கும்.

இரண்டாம் பத்திரத்தின் தொடக்கத்தில் கிடைக்கும் 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரத்தில் முதல் வினாவை மனதுக்குள் செய்துகொண்டிருக்காதீர்கள். முழுத் தாளையும் பார்த்து, எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானியுங்கள். ஏ.எல். விஞ்ஞானப் பாடங்களில் 50 பல்தேர்வு வினாவுக்கு 120 நிமிடம். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடவேண்டாம்.

11. ஏ.எல்.ல மூண்டு எஸ். ரெண்டாந்தரம் எடுக்கிறதா, வேற பாதைக்குப் போறதா?

இதில் நான் முடிவு சொல்வதில்லை, என் கதையைச் சொல்வேன். 1996இல் ஏ.எல். எழுதினேன். அப்போது நாலு பாடம், தூய கணிதமும் பிரயோக கணிதமும் வேறு வேறு. பிரயோக கணிதத்தில் எஃப். பாடம் தெரியாது என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டு வருடத்தில் ஒரு கடந்தகால வினாத்தாளைக்கூட நேரம் வைத்து முழுமையாகச் செய்ததில்லை. இரண்டாம் தடவைக்கு அதை மட்டும் செய்தேன். சி வந்தது.

நீங்களும் முதலில் மூன்று பாடத்துக்கும் 3ஆம் கேள்வியின் வேலையைச் செய்யுங்கள். "நே", "க" கூட என்றால் இரண்டாம் தடவை நல்ல யோசனை. மூன்று பாடத்திலும் எல்லா அலகிலும் "தெ" என்றால், அந்தப் பாடங்களில் உண்மையில் விருப்பம் இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைக்குள்தான் எழுதலாம் என்பதால் ஒரு தடவையை வீட்டாரின் ஆசைக்காக மட்டும் செலவழிக்கவேண்டாம்.

வேறு பாதை தாழ்ந்த பாதை இல்லை. எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) நடத்தும் உயர் தொழில்நுட்ப நிறுவகமும் தொழில்நுட்பக் கல்லூரியும் திருகோணமலையிலேயே இருக்கின்றன. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வீ.கியூ., படி ஏறிப் போகும் ஏற்பாடு. 3, 4 மட்டம் கைத்தொழில் திறன், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். டிப்ளோமாவோடு இரத்மலானையில் உள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யுனிவோடெக்கில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். திறந்த பல்கலைக்கழகமும் இருக்கிறது.

12. எனக்கும் அவளுக்கும் ஒரே மூண்டு சி. அவளுக்கு கம்பஸ் கிடைச்சுது, எனக்கு இல்லை. இது என்ன நியாயம்?

அனுமதியைத் தீர்மானிப்பது எழுத்தில்லை, இசட் புள்ளி. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு) பிரித்தால் வருவது அது. உதாரணத்துக்கு ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைப்போம். 55 எடுத்தால் இசட் 1.0. இன்னொரு பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 10. அங்கேயும் 55 எடுத்தால் இசட் 0.5தான். இரண்டும் சி. மூன்று பாடத்தின் இசட்டையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். அதோடு 50உம் சி, 64உம் சி.

மாவட்டமும் சேரும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. அதனால் கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடையவேண்டாம், எங்கள் மாவட்டத்து நிரலைப் பாருங்கள். கலைப்பிரிவின் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு மட்டும் அகில இலங்கைத் திறமைதான். இதெல்லாம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் தமிழிலும் இருக்கிறது. விண்ணப்பிக்க முன் முழுவதும் வாசியுங்கள், கிடைத்த கற்கைநெறியில் பதிந்தபிறகு திரும்ப விண்ணப்பிக்க முடியுமா என்ற பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

13. மட்ஸ் சரிவரேல்ல. ரெண்டாந்தரம் ஆர்ட்ஸுக்கு மாறினா சுகமா?

சுகம் என்று நினைத்து மாறினால் ஏமாறுவீர்கள். மேலே சொன்ன காரணத்தால் கலைப்பிரிவில் போட்டி நாடு முழுவதோடும். இரண்டு வருடப் பாடத்தை ஒரு வருடத்துக்குள் முடிக்கவேண்டும், மாறினாலும் தடவைக் கணக்கு புதிதாகத் தொடங்காது. வரலாறும் அரசறிவியலும் உண்மையிலேயே பிடிக்கும், முதலிலேயே அதுதான் எடுக்க நினைத்தேன், வீட்டில் விடவில்லை என்கிற பிள்ளை மாறட்டும். அப்படி மாறி நன்றாக வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

14. கம்பஸ் முதல் வருசத்தில ஜி.பி.ஏ. 2.2. இனி கிளாஸ் எடுக்க ஏலுமா?

கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் என் பழைய மாணவி கேட்டது. ஜி.பி.ஏ. என்பது தரப்புள்ளிச் சராசரி, கிளாஸ் என்பது பட்டத்தின் வகுப்பு. கணக்குப் போட்டே பார்த்தோம். நாலு வருடத்துக்கு 120 திறமைப்புள்ளி (கிரெடிற்), வருடத்துக்கு 30 என்று எடுத்தோம். பொதுவாக இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்கு 3.00 வேண்டும், அதாவது 120ஆல் பெருக்க 360. முதல் வருடத்தில் 2.2ஐ 30ஆல் பெருக்க 66 கையில் இருக்கிறது. மிச்சம் 294ஐ 90ஆல் பிரித்தால் 3.27. இனி வரும் மூன்று வருடமும் பி பிளஸ்ஸை ஒட்டி எடுக்கவேண்டும். கடினம், ஆனால் நடக்கக்கூடியது.

பல பீடங்களில் ரிப்பீற் எழுதினால் எவ்வளவு எடுத்தாலும் சிக்கு மேல் போடமாட்டார்கள். ஆகவே பழைய பாடத்தைத் தூக்குவதில் முழுப் பலத்தையும் கொட்டாமல், இந்த அரையாண்டின் பாடங்களில் பி பிளஸ் வாங்கப் பாருங்கள். வருடங்களுக்குரிய நிறையும் வகுப்புக்கான விதியும் பீடத்துக்குப் பீடம் வேறு, கைந்நூலையும் ஆலோசகரையும் கேளுங்கள். அப்புறம், முதல் வருடம் விழுவதற்குப் பெரிய காரணம் ஆங்கில மொழிமூலம். எழுத்துப் போட்டுப் பார்த்தபோது அவளுக்கும் அதுதான். பாடம் தெரியும், வினா விளங்கவில்லை. அதற்கு "வி" என்று நாலாவது எழுத்து ஒன்று சேர்த்தோம்.

15. மழைக்காலத்தில சோதினை வந்தா நாங்க வெருகலில இருந்து எப்பிடிப் போறது?

சிறிய கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் ஒரு பேப்பரையே விழுத்திவிடும். 2024 நவம்பரில் வெள்ளத்தால் ஏ.எல். பரீட்சையே நடுவில் சில நாட்கள் நிறுத்தப்பட்டது. நவம்பர், டிசம்பரில் எங்கள் பக்கத்துப் பாதைகள் எப்படியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். மூதூர், வெருகல், குச்சவெளிப் பிள்ளைகள் பரீட்சை நிலையத்துக்குக் கிட்ட ஒரு சொந்தக்காரர் வீட்டை இப்போதே பேசி வையுங்கள். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். பரீட்சை தள்ளிப்போனால் அந்த நாட்களில் புதிதாக ஒன்றும் தொடங்காமல் பழைய பேப்பர்களையே செய்யுங்கள்.

16. தவணைப் பரீட்சைத் தாள் ஒண்டை ஒருத்தருக்கும் காட்டாம ஒளிச்சு வச்சிருக்கிறன். 19 புள்ளி. கொண்டு வரலாமா?

கொண்டு வாங்கோ. ஓ.எல். பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. ஆசிரியர் திருத்திய உங்கள் சொந்த விடைத்தாள், எங்கே எத்தனை புள்ளி போனது என்று சிவப்பில் எழுதியே இருக்கும். கசங்கியிருந்தாலும் பரவாயில்லை. கிழித்திருந்தால் ஒட்டிக்கொண்டு வாருங்கள். சிவப்புப் பேனை வேண்டாம், பச்சைப் பேனை ஒன்றும் கவராயமும் கொண்டு வந்தால் போதும். கவராயத்தின் திருகை வீட்டிலேயே ஒருக்கால் இறுக்கிப் பாருங்கள்.